பொன்னாடையும் மனுவும்

நம் ஊர்ப் பெரியவர்கள் சட்டமன்ற உறுப்பினரைக் காணச் செல்வதற்கென்று ஒரு முறை வகுத்து வைத்திருக்கிறார்கள். ஜமாஅத் தலைவர் முன்னே செல்வார். நாலைந்து பேர் பின்தொடர்வர். ஒருவர் கையில் பொன்னாடை. இன்னொருவர் கையில், "ஆவன செய்து உதவுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்" என்று முடியும் மனு. பொன்னாடை போர்த்தப்படும்; படம் எடுக்கப்படும்; மனு உதவியாளரிடம் போய், அவரது பையில் முன்னரே இருக்கும் நாற்பது மனுக்களோடு நாற்பத்தோராவதாகச் சேரும். "மனிதர் நன்றாகத்தான் பேசினார்" என்ற நிறைவோடு எல்லோரும் திரும்புவர். கேட்டது என்ன, எதுவரை காத்திருப்பது, மறுமுறை சென்று விசாரிப்பவர் யார் என்ற கேள்விகள் வழியில் தேநீர் அருந்துவதற்குள் மறந்துபோகும்.

இதற்கு உறுப்பினர்களை மட்டும் குறை கூறுவதில் நமக்கு உடன்பாடில்லை. ஒரு சட்டமன்றத் தொகுதியில் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட வாக்காளர்கள் இருக்கிறார்கள். நாடாளுமன்றத் தொகுதியோ அதைப்போல் ஆறு கொண்டது. கடலூர் மாவட்டத்தின் ஒன்பது சட்டமன்றத் தொகுதிகளில் ஆறு கடலூர் நாடாளுமன்றத் தொகுதியில் அடங்கும். சிதம்பரம், புவனகிரி, காட்டுமன்னார்கோயில் ஆகிய மூன்றும் அரியலூர், ஜெயங்கொண்டம், குன்னம் ஆகியவற்றோடு சேர்ந்து சிதம்பரம் நாடாளுமன்றத் தொகுதியாகும். ஆகவே சிதம்பரத்தின் உறுப்பினர் காலையில் அரியலூர்ச் சுண்ணாம்புத் தூசியைப் பற்றிக் கேட்டுவிட்டு, மாலையில் கொள்ளிடக் கரையின் உவர்நீரைப் பற்றிக் கேட்க வேண்டியவர். அவருக்கு நம் கோபமும் பயன்படாது; நம் புகழ்ச்சியும் பயன்படாது. அவையில் எழுந்து நின்று அப்படியே படிக்கத்தக்க ஒரு தாள் பயன்படும். முப்பதாண்டுக் காலம் மதகுகளையும் சிறுபாலங்களையும் அளந்து ஓய்வு பெற்ற நமக்கு, அந்தத் தாளை எழுதித் தரவேண்டியவர் யார் என்பதில் ஐயமில்லை.

நம் குடும்பங்களில் இன்று பொறியாளர்களுக்குக் குறைவில்லை. சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பயின்ற பிள்ளைகள் துபாயிலும் தோகாவிலும் கழிவுநீர்க் குழாய்களுக்குச் சரிவு கணக்கிட்டுக் கொடுக்கிறார்கள். சொந்தத் தெருவில் மழைநீர் தேங்கினால் மட்டும், வீட்டுத் தரையை இரண்டடி உயர்த்திக் கட்டப் பணம் அனுப்புகிறார்கள். குடிநீர் உப்பாகிவிட்டதா? சுத்திகரிக்கும் இயந்திரம் வாங்கப்படும். மின்சாரம் தடைபடுகிறதா? இன்வர்ட்டர் வந்துவிடும். பொருள் உள்ள வீடு தப்பித்துக்கொள்கிறது. உயர்த்திய தரையிலிருந்து வழியும் நீர் பக்கத்து ஓட்டு வீட்டுக்குள் புகுகிறது. அரசாங்கத்திடம் கேட்டுப் பெறவேண்டிய ஒன்றைக் கைப்பணத்தால் வாங்கப் பழகிய ஊரில், கேட்கும் பழக்கமே நாளடைவில் அற்றுப்போகிறது என்பது நாம் கண்கூடாகக் கண்டது.

கையில் பணமில்லாதவர்கள் எப்படிக் கேட்டார்கள் என்பதற்குக் கடலூரிலேயே ஒரு சான்று இருக்கிறது. பழைய நகரத்துக்குத் தெற்கே, உப்பனாற்றின் ஓரமாக, 1980களில் சிப்காட் தொழிற்பேட்டை எழுந்தது. மருந்து, சாயம், பூச்சிக்கொல்லி முதலியவற்றுக்கான இரசாயன ஆலைகள் அங்கு வந்தன. குடிகாடு, ஈச்சங்காடு, செம்மங்குப்பம், சொன்னஞ்சாவடி ஆகிய சிற்றூர்களின் மக்கள் அந்தக் காற்றைத்தான் சுவாசித்தனர். கண் எரிகிறது, மூச்சு முட்டுகிறது என்று அவர்கள் சொன்னபோதெல்லாம், சோதிக்க ஆள் வருவதற்குள் காற்று திசை மாறிவிடும், வாடை கலைந்துவிடும். நாற்றத்தைக் கோப்பில் வைத்துக் காட்ட இயலுமோ?

2004ஆம் ஆண்டில் அச்சிற்றூர்களின் மக்கள் சிலர் பயிற்சி பெற்றுச் சுற்றுச்சூழல் கண்காணிப்பாளர்களாக அமைந்தனர். அவர்கள் செய்த முதற்காரியம் மிக எளியது. எந்த நாள், எந்த நேரம், காற்று எத்திசையிலிருந்து வீசியது, வாடை எதைப் போன்றிருந்தது, உடலுக்கு என்ன செய்தது என்று எழுதத் தொடங்கினர். அழுகிய முட்டையின் வாடை என்றால் ஹைட்ரஜன் சல்பைடு என்று வேதியியல் அறிந்தவர் ஊகித்துக்கொள்வார்; நகப்பூச்சின் வாடை என்றால் வேறொரு பொருள். பள்ளிப்படிப்பு முற்றுப்பெறாதவருக்கும் மூக்கு இருக்கிறது; அந்த மூக்கு அறிந்ததைக் காலமும் திசையும் இட்டு எழுதிவிட்டால் அது சாட்சியமாகிவிடுகிறது.

அடுத்து வந்தது ஒரு பிளாஸ்டிக் வாளி. இந்த வாளிக்கு ஒரு வரலாறு உண்டு. 1990களின் நடுவில், கலிபோர்னியாவில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைக்கு அருகில் வாழ்ந்த மக்களுக்காக வாதாடிய எட்வர்ட் மாஸ்ரி என்னும் வழக்கறிஞர், விலையுயர்ந்த கருவிக்கு மாற்றாக ஏழைகள் கையாளத்தக்க ஒன்று வேண்டுமென்று பொறியாளரை நாடினார். விடை இதுதான்: மூடியுள்ள வாளி, அதனுள் காற்றுப் புகாத ஒரு பை. வாளியின் உட்காற்றைப் பம்பினால் உறிஞ்சி எடுத்தால், வெளிக்காற்று குழாய் வழியே பைக்குள் தானாக நுழையும். பையை மூடி ஆய்வுக்கூடத்துக்கு அனுப்ப வேண்டியதே பாக்கி. அந்த வாளிதான் கடலூருக்கும் வந்தது. இங்கு பிடித்த காற்றை அமெரிக்க ஆய்வுக்கூடம் ஒன்று சோதித்தது. அதில் 22 இரசாயனங்கள் இருந்தன. அவற்றுள் 8 புற்றுநோய் உண்டாக்கக்கூடியவை.

"நாறுகிறது" என்னும் முறையீடு "22, அவற்றுள் 8" என்று மாறியதும் கேட்பவர்களின் நிலையும் மாறியது. அபாயகரமான கழிவுகளைக் கண்காணிக்க உச்ச நீதிமன்றம் அமைத்திருந்த குழு அவ்வாண்டே கடலூருக்கு வந்து பார்த்தது. பின்னர் நாக்பூரின் தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனம் அப்பகுதிக் காற்றை ஆராய்ந்து, புற்றுநோய் அபாயம் மிகுந்திருப்பதாகக் கூறிற்று. நாடு முழுமைக்குமான காற்றுத் தர வரம்புகள் 2009 நவம்பரில் திருத்தப்பட்டபோது, பென்சீனுக்கும் முதன்முறையாக எல்லை வகுக்கப்பட்டது. அது வாளியால் மட்டும் வந்தது என்று நாம் கூறமாட்டோம். பல இடங்களின் முறையீடுகள் அதன் பின்னால் இருந்தன. கடலூரின் துன்பம் தீர்ந்துவிட்டதென்றும் கூறமாட்டோம். 2025 மே மாதத்தில் குடிகாட்டில் ஓர் ஆலையின் கழிவுநீர்த் தொட்டி உடைந்து வீடுகளுக்குள் பாய்ந்ததை நாளிதழ்களில் எல்லோரும் படித்தோம்.

எண்ணின் வலிமைக்குச் சிதம்பரத்திலும் ஒரு சான்று உண்டு. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தை 2013இல் தனிச்சட்டம் இயற்றி மாநில அரசு தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. ஆனால் அதன் இராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியில் ஆண்டுக் கட்டணம் 5 இலட்சம் ரூபாய்க்கு மேலாகவே இருந்து வந்தது. மற்ற அரசு மருத்துவக் கல்லூரிகளிலோ 15 ஆயிரத்துக்கும் குறைவு. மாணவர்கள் 2020 டிசம்பர் முதல் ஐம்பது நாட்களுக்கும் மேலாகப் போராடினர். அரசு நடத்தும் கல்லூரியில் அரசுக் கட்டணம் ஏன் இல்லை என்ற ஒரே கேள்வி. பக்கத்துப் பக்கத்தில் இரண்டு தொகைகள். எந்தக் கட்சி உறுப்பினரும் விளக்கம் கேளாமலே புரிந்துகொள்ளத்தக்க முறையீடு அது. 2021 ஜனவரியில் அக்கல்லூரி கடலூர் மாவட்டத்துக்குரிய அரசு மருத்துவக் கல்லூரியாகச் சுகாதாரத் துறைக்கு மாற்றப்பட்டது.

பொறியாளர்கள் இதற்கு நேர்மாறாக நடந்துகொள்வதும் உண்டு. சர் ஆர்தர் காட்டன் என்ற பெயரைக் காட்டுமன்னார்கோயில் பக்கத்து விவசாயிகள் இன்றும் நன்றியோடு நினைப்பர். 1836இல் கொள்ளிடத்தின் குறுக்கே அவர் எழுப்பிய கீழணையால்தான் வீராணம் ஏரியும் சிதம்பரத்து வயல்களும் நீர் பெறுகின்றன. அத்தகையவர் தம் 75ஆம் வயதில், 1878இல், இலண்டனில் பிரிட்டிஷ் மக்களவையின் குழுவொன்றின் முன் சாட்சியம் அளித்தார். இந்தியாவுக்கு வேண்டியது இருப்புப்பாதை அன்று, பாசனமும் நீர்வழிப் போக்குவரத்தும் தரும் கால்வாய்களே என்பது அவருடைய வாழ்நாள் வாதம். பஞ்சத்தில் இலட்சக்கணக்கானோர் மாண்டு அதிக காலம் ஆகவில்லை. எனினும் குழுவின் முடிவு அவருக்குச் சாதகமாக அமையவில்லை. அவருடைய யோசனைகளை ஒட்டி எழுந்த கர்நூல்–கடப்பைக் கால்வாய் அப்போது நட்டத்தில் கிடந்தது. ஒரு மதகை விளக்கக் கேட்டவருக்கு ஒரு கண்டத்தையே மாற்றும் திட்டத்தை எடுத்துரைத்தால், கேட்பவர் அதில் பழுதான ஒரு துண்டைத் தேடிப் பிடித்துக்கொள்வார். நம் தொழிலில் உள்ளவர்களுக்கு இந்த நோய் இன்றும் உண்டு. பத்துப் பக்கம் எழுதி, நான்கு வரைபடம் இணைத்து, ஐந்து கோரிக்கை வைப்போம். படிப்பவர் முதற்பக்கத்திலேயே களைத்துவிடுவார்.

நம் சொந்த ஊரில் நடந்ததையும் இவ்விடத்தில் சொல்லலாம். வெள்ளாற்றுப் பக்கத்து ஊர் நமது. 2015 நவம்பர் வெள்ளத்தில் கடலூர் மாவட்டமே மிதந்தபோது நம் தெருவும் மூழ்கியது. நீர் வடிந்த பின் ஜமாஅத்தார் கூடி, "எங்கள் தெருவில் வெள்ளம் புகாதிருக்க ஆவன செய்க" என்றொரு மனு தயாரித்து, மேற்பார்வைக்காக நம்மிடம் அனுப்பினர். நாம் அதை நிறுத்தி வைத்துவிட்டு வீடு வீடாகச் சென்றோம். பதினொரு வீடுகளின் சுவரில் நீர்க்கறை அளந்தோம். அதைக்காட்டிலும் பெரிய தகவல், உறவுமுறையில் நமக்குப் பெரியம்மாவான ஒரு மூதாட்டியிடம் கிடைத்தது.

"மக்ரிபு பாங்கு கேக்கறப்போ தண்ணி முதல் படியில இருந்திச்சு வாப்பா. இஷாவுக்குள்ள அடுப்பு முழுகிப்போச்சு" என்றார் அவர்.

கடிகாரம் பாராத அந்த அம்மையாரின் சொல்லில் ஒரு பொறியாளருக்கு வேண்டியதெல்லாம் இருந்தது. நவம்பரில் மக்ரிபுக்கும் இஷாவுக்கும் இடையே ஏறத்தாழ ஒன்றேகால் மணி நேரம். முதற்படியிலிருந்து அடுப்பு மேடை வரை அளந்தால் மூன்றடி. மழை பெய்து மட்டும் ஒரு தெருவில் நீர் இவ்வளவு விரைவில் ஏறாது. எங்கோ ஓரிடத்தில் ஓட்டம் தடைபட்டுத் திரும்பியிருக்க வேண்டும். வாய்க்காலோடு நடந்து பார்த்தோம். அகலம் 12 அடி, ஆழம் 3 அடி. அது ஒரு சாலையைக் கடக்கும் இடத்தில் இரண்டடி விட்டமுள்ள இரண்டு சிமெண்டுக் குழாய்கள் மட்டுமே இருந்தன. 36 சதுர அடி நீர் வரும் வழி, 6 சதுர அடிக்குச் சற்றே கூடுதலான துளைகளில் புகுந்து போகவேண்டும். அவற்றுள் ஒன்று பாதி மண் மூடிக் கிடந்தது.

மனுவின் முதல் வரியாக அந்த இரண்டு எண்களையே வைத்தோம். கோரிக்கையும் ஒன்றே: குழாய்களை நீக்கிவிட்டுப் பெட்டி வடிவச் சிறுபாலம் அமைத்தல்.

யாரிடம் கேட்பது என்பது அடுத்த சிக்கல். தெருச் சாக்கடை பேரூராட்சியைச் சேர்ந்தது. அதற்குக் கவுன்சிலர் போதும். பாசன வாய்க்காலும் மாநிலச் சாலையும் மாநில அரசின் துறைகளுக்குரியவை; அவற்றுக்குச் சட்டமன்ற உறுப்பினர். இருப்புப்பாதையும் தேசிய நெடுஞ்சாலையும் மத்திய அரசுக்குரியவை. அவற்றுக்கு நாடாளுமன்ற உறுப்பினர். தண்ணீருக்கு மட்டும் இந்தப் பாகுபாடு தெரியாது. நம் சிறுபாலம் எத்துறைக்கு உரியது என்று கேட்டால், ஓர் அலுவலகம் இன்னொன்றைக் காட்டியது. அது மீண்டும் முதலாவதையே காட்டியது. 2005ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டத்தின்படி 10 ரூபாய்க் கட்டணத்தோடு விண்ணப்பித்தோம். 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டுமென்பது சட்டம். எழுத்தில் பதில் வந்தது. உரிமையுள்ள துறை அதில் தெரிந்தது. அந்தக் கடிதத்தின் படியை மனுவோடு இணைத்தபோதுதான் அது உறுப்பினரின் கையில் ஒரு கருவியாயிற்று. "இது எங்களுடையதல்ல" என்று இனி எவரும் அவரிடம் கூற முடியாதல்லவா?

மனுவின் தலைப்பையும் மாற்றினோம். இதில் ஊரில் சிறிது மனத்தாங்கல் ஏற்பட்டது. ஜமாஅத்தின் பெயரால் போவதுதான் மரியாதை என்றனர் சிலர். ஆனால் அதே வாய்க்காலின் ஓரத்தில் மீனவர் குப்பமும் காலனித் தெருவும் இருக்கின்றன. அவ்வீடுகளில் நீர் நம் வீடுகளைவிட அதிகமாகவே நின்றது. ஜமாஅத்தின் மனு என்றால் ஒரு சமுதாயத்துக்குச் செய்யும் சலுகையாக அது எண்ணப்படும். செய்தால் நன்றி எதிர்பார்க்கப்படும். மூன்று தெருக்களின் மனு என்றால் அது ஊரின் தேவை. மீனவர் தெருப் பஞ்சாயத்தார் கையெழுத்திட்டதோடு, தங்கள் வீட்டு நீர்க்கறைகளையும் அளந்து கொடுத்தனர்.

காலம் அறிந்து கொடுப்பதும் ஒரு நுட்பம். சட்டமன்றத்தின் நிதிநிலைக் கூட்டத்தொடரில் துறைவாரியாக மானியக் கோரிக்கைகள் விவாதத்துக்கு வரும். அந்தந்தத் துறையின் நாள் வருவதற்குச் சில வாரங்கள் முன்பே தாள் உறுப்பினரிடம் இருந்தால் அவர் பேச்சில் அது இடம்பெறலாம். மறுநாள் கொடுத்தால் ஓராண்டு காத்திருக்க வேண்டும். மக்களவையில் ஒரு வினாவுக்குக் குறைந்தது 15 முழு நாட்கள் முன்னறிவிப்பு வேண்டும். நாளொன்றுக்கு வாய்மொழியாக விடை பெறும் நட்சத்திரக் குறியிட்ட வினாக்கள் 20. எழுத்தில் மட்டும் விடை பெறுபவை 230. முன்னதில் துணைக்கேள்வி கேட்கலாம் என்பதால் எல்லோரும் அதையே நாடுவர். ஆனால் சாதாரண மக்களுக்கு எழுத்து விடையே பெரிதும் பயன்படும். அமைச்சரின் பெயரால் அச்சில் வரும் ஒரு தொகையை எந்த அதிகாரியும் பின்னர் மறுக்க இயலாது.

உறுப்பினர் செவிசாய்க்கவில்லையென்றால் வழியே இல்லை என்று எண்ணவேண்டாம். தமிழ்நாடு சட்டமன்றப் பேரவைக்கு மனுக்கள் குழு என்றொன்று உண்டு. அது மாவட்டங்களுக்கு வந்து விசாரிக்கும். நெடுநாளாகத் தீராத பொதுப் பிரச்சினையாக இருக்கவேண்டும். ஒரு மனுவில் ஒரு பிரச்சினை, அதுவும் ஒரே துறையைச் சார்ந்தது. வேலைவாய்ப்பு, பட்டா, கடன் போன்ற தனிமனிதக் கோரிக்கைகளும் நீதிமன்றத்தில் உள்ள வழக்குகளும் ஏற்கப்படமாட்டா. இந்த நிபந்தனைகளை நாம் மனமாரப் பாராட்டுகிறோம். எந்த மனுவுக்கும் இவை நல்ல இலக்கணம்.

அவையில் அறிவிப்பு வந்துவிட்டால் வேலை முடிந்தது என்று இனிப்பு வழங்குவோரும் நம்மிடையே உண்டு. கொள்ளிடத்தில் ஆதனூர்–குமாரமங்கலம் கதவணையை எண்ணிப் பாருங்கள். கடல்நீர் ஆற்றினுள் ஏறி நிலத்தடி நீரை உப்பாக்குவதைத் தடுக்க வேண்டுமென்று இரு கரை விவசாயிகளும் நெடுங்காலம் கேட்டுவந்தனர். 2014 ஆகஸ்டில் சட்டமன்றத்தில் 110ஆம் விதியின் கீழ் முதலமைச்சர் அதை அறிவித்தார். கட்டுமானம் தொடங்கியது 2019இல்தான். அறிவிப்புக்கும் அஸ்திவாரத்துக்கும் இடையே நிர்வாக ஒப்புதல், நில எடுப்பு, நிதி ஒதுக்கீடு, ஒப்பந்தப்புள்ளி என்று பல வாயில்கள் உள்ளன. ஒவ்வொன்றிலும் கோப்பு உறங்க இடமுண்டு. அவையில் அமைச்சர்கள் தரும் வாக்குறுதிகள் நிறைவேறினவா என்று பார்ப்பதற்கே அரசு உறுதிமொழிக் குழு என்று ஒன்று இருக்கிறது. அறிவிப்பு வெளியான நாளிதழ்த் துண்டை வெட்டி வைத்து, ஆறு மாதத்துக்கு ஒருமுறை "இப்போது எந்த வாயிலில் நிற்கிறது?" என்று கேட்டெழுதும் ஒருவர் ஊருக்கு வேண்டும். நம் ஊரில் அவ்வேலையை ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் ஏற்றுக்கொண்டார். அவருக்குப் பாலம் கட்டத் தெரியாது. ஆனால் கடிதத்தின் தேதியை மறக்கமாட்டார்.

சிறுபாலம் நான்காம் ஆண்டில் கட்டி முடிக்கப்பட்டது. நாம் கேட்டது இரண்டு கண், கிடைத்தது ஒன்று. 2021 நவம்பர் மழையில் தெருவில் நீர் முதற்படி வரை வந்து நின்றது, ஏறவில்லை. அதற்கும் கீழே, வாய்க்கால் ஆற்றில் சேரும் இடத்தில் மணல் மேடிட்டிருப்பது அப்போதுதான் தெரியவந்தது. அது வேறொரு துறையைச் சேர்ந்தது. தோகாவில் இருக்கும் நம் தங்கை மகன் விடுப்பில் வந்திருந்தபோது, மட்டம் பார்க்கும் கருவியை இரவல் வாங்கி, குப்பத்து இளைஞர்கள் இருவரோடு இரண்டு நாள் அதை அளந்து கொடுத்தார். தமிழாசிரியர் புதிய கோப்பு ஒன்று திறந்திருக்கிறார். தாள் இப்போது ஒரு பக்கத்துக்குள் அடங்கிவிட்டது. மீனவர் தெருவிலிருந்து கையெழுத்துகள் வந்துகொண்டிருக்கின்றன.